பழைய சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு வீடு பார்த்தேன். நூறு வயதைத் தாண்டிய ஓட்டு வீடு, முற்றம், தேக்கு உத்தரம். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. "நாலு வருஷம் முன்னாடிதான் சார் நல்லா சிமெண்ட் பூசினோம்" என்றார் வீட்டுக்காரர். அதனால்தான் விழுகிறது என்றேன். நம்பவில்லை. இந்த வருடத்தில் இது எனக்கு ஐந்தாவது வீடு.

சிமெண்ட் கெட்டி, சுண்ணாம்பு சொத்தை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! அந்தக் காலச் செங்கல் மெத்தென்றது, சாந்தும் அப்படியே. டெல்டாவில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே நிற்கும் என்று கிணறு உள்ளவர்களுக்குத் தெரியும். சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும். உப்பு காரையிலேயே பூக்கும், காரை உதிரும், மறுபடி பூசலாம். உதிர்வதற்குத்தான் அது இருக்கிறது. மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் எங்கே போகும்? இன்னும் உயரமாக ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே மாவாக்கும். ஓட்டு ஒழுகலும் உள்ளேயே தங்கினால், சுவருக்குள் புதைந்த உத்தர முனை அழுகும், தேக்கே ஆனாலும்.

சிமெண்ட்மேல் எனக்கு விரோதம் இல்லை. புதுக் கட்டடங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதிலும் வேறு கூத்து. மேட்டூரை ஜூன் 12 திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எனக்கு போன் வரும். வெயிலில் வெடித்த களிமண் ஊதும், காம்பவுண்ட் சுவர் விரியும், கதவு பிடிக்கும். மண் பரிசோதனை செய்தீர்களா என்றால், "பெரிய கோயிலுக்கு யார் சார் பண்ணினாங்க?" அத்தனை கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து 1010இல் கட்டி முடித்தவர்கள் மண்ணைப் பார்க்காமலா கல்லை வைத்திருப்பார்கள்!

சரி, பழைய வீட்டுக்கு வருவோம். முதலில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்: உடைந்த ஓடு, குளியலறைக் குழாய், அப்புறம் தார்மேல் தார் போட்டு உயர்ந்துவிட்ட தெரு. சிமெண்டை உளியால் மெதுவாகக் கொத்தி எடுங்கள், மெஷின் வேண்டாம். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். அப்புறம் நன்றாக ஊறிய சுண்ணாம்பு. சீக்கிரம் இறுக "ஒரு சட்டி சிமெண்ட்" போடும் கொத்தனாரை, தயவுசெய்து, அங்கேயே தடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது, வெள்ளையடித்தால் போதும். பழைய சுவர்மேல் மாடி எடுக்கும் ஆசை இருந்தால் எஞ்சினியரிடம் காட்டாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள்.

நேற்று கும்பகோணத்துக்காரர் பேசினார். சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சந்தோஷப்பட்டேன். "ஆனா சார், தெருப்பக்கம் மட்டும் சிமெண்ட் இருக்கட்டுமே, பார்வைக்கு?"