பிரைட் ஸ்டாக்: சொல்லும் பொருளும்

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் பிரிந்த பின் மிஞ்சுவதை வெற்றிடத்தில் மீண்டும் வடிப்பார்கள். அப்போதும் ஆவியாகாமல் கோபுரத்தின் அடியில் தங்கும் கருங்குழம்புக்கு வெற்றிட எச்சம் என்று பெயர். சாலைக்குத் தார் போடத்தான் ஆகும் என்று தோன்றும் அந்தக் குழம்பிலிருந்து எடுக்கும் கெட்டியான அடிப்படை எண்ணெய்தான் பிரைட் ஸ்டாக். கப்பல் எஞ்சின்களின் சிலிண்டர் எண்ணெய், கியர் எண்ணெய், கிரீஸ் ஆகியவற்றுக்குக் கனம் தருவது இது.

இங்கே 'ஸ்டாக்' என்றால் கையிருப்பு அல்ல, பிற எண்ணெய்களோடு கலப்பதற்கான மூலச்சரக்கு. நீராவி எஞ்சின் காலத்தில் அதன் உருளைகளுக்கு இட்ட எச்ச எண்ணெயை 'சிலிண்டர் ஸ்டாக்' என்றார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா கச்சா எண்ணெயில் தார்ப்பொருள் குறைவு. அதனால் அதன் எச்சத்தை உறிஞ்சுமண் வழியே வடிகட்டி, மெழுகையும் நீக்கினாலே மங்கல் போய்ப் பளிச்சென்று தெளிந்தது. 'பிரைட்' அந்தத் தெளிவைக் குறிக்கிறது, நிறமின்மையை அல்ல. இன்றைய பிரைட் ஸ்டாக்கும் பெரும்பாலும் பழுப்புச் சாயலோடுதான் இருக்கும்.

தார் மிகுந்த கச்சா எண்ணெய்களுக்கு அந்த எளிய வழி போதவில்லை. 1930களில் புரொப்பேன் முறை தொழிற்சாலைகளுக்கு வந்தது. அழுத்தத்தில் திரவமாக்கிய புரொப்பேன் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு தாரை ஒதுக்கிவிடும். வழக்கமாகச் சூடு ஏறினால் கரைதிறன் கூடும், இங்கே குறைகிறது! அந்த முரணை வைத்தே, வெப்பத்தைக் கூட்டிக் குறைத்து, எவ்வளவு எண்ணெய் வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதன்பின் ஃபர்ஃபுரால் போன்ற கரைப்பானால் அரோமேட்டிக் எனும் வளைய வடிவச் சேர்மங்களை நீக்கி, குளிரவைத்து மெழுகை வடிகட்டி, கடைசியாக ஹைட்ரஜனாலோ களிமண்ணாலோ மெருகேற்றுவார்கள்.

தரப்பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பிரைட் ஸ்டாக்கின் தரமான 'பிஎஸ் 150' என்பதைவிட, வெற்றிடத்தில் ஆவியாகி வடிந்த 'நியூட்ரல்' வகை எண்ணெயின் தரமான '500 என்' கெட்டி என்று எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறு. இரண்டு எண்களும் எண்ணெயின் கெட்டித்தன்மையை அளக்கும் சேபோல்ட் மானியில் 60 மில்லிலிட்டர் எண்ணெய் ஒழுகி முடிய ஆகும் நொடிகளைச் சார்ந்தவை. ஆனால் 150 என்பது 210 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அளந்தது, 500 என்பது 100 டிகிரியில். அவ்வளவு சூட்டிலும் 150 நொடி பிடிக்கும் எண்ணெய் எத்தனை கனமானது என்று பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் என்ன சொல்வது? 'ஒளிர் இருப்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இருட்டில் மின்னும் ஏதோ ஒன்றாகிவிடும். 'கன மசகு எண்ணெய்' என்றால் இலங்கைத் தமிழர் குழம்புவார்கள், அங்கே மசகு எண்ணெய் என்பது கச்சா எண்ணெய். ஆகவே லூப்ரிகண்ட் எண்ணெய்க்குப் பொதுச்சொல்லாக 'உயவு எண்ணெய்' என்பதையே கொள்ளலாம். மண்டியை அடியில் விட்டு மேலே பிரியும் நீர்மத்தைத் தெளிவு என்கிறோம்; தாரை ஒதுக்கிப் பிரித்த இந்த எண்ணெய்க்கும் அது பொருந்தும். எச்சத்திலிருந்து வந்தது என்ற பிறப்பும் சேர வேண்டும் என்பதால் 'எச்சத் தெளிவெண்ணெய்' என்பது என் தேர்வு. எச்சம் என்றதும் பறவை நினைவுக்கு வருகிறவர்கள் வினையெச்சத்தையும் பெயரெச்சத்தையும் நினைத்துக்கொள்ளட்டும். தரச்சான்றுகளிலும் கொள்முதல் தாள்களிலும் மட்டும் 'பிரைட் ஸ்டாக்' அப்படியே இருப்பது நல்லது.