ஆகஸ்ட் 31-இல் மட்டும் இத்தனை நடந்ததா?

ஆகஸ்ட் 31 நெருங்கினால் கோலாலம்பூர், பினாங்குக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கொடிப் படங்களோடு ஒரு பட்டியலும் சுற்றும். 1957-இல் மெர்டேக்கா, அதாவது மலாயாவின் விடுதலை. 1962-இல் அதே தேதியில் டிரினிடாட் - டொபேகோவுக்கு விடுதலை. 1991-இல் கிர்கிஸ்தான். 1997-இல் பாரிஸ் கார் விபத்தில் இளவரசி டயானா மரணம். கடைசியில், ‘என்ன அதிசயம் பாருங்கள்!’

அதிசயம்தானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு வசதியான பொருள் மலேசியர்களான நம் எல்லார் பையிலும் இருக்கிறது: ஐ.சி. என்கிற அடையாள அட்டை. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். பினாங்கு ஜார்ஜ் டவுனில் மாமாக் உணவுக்கடை ஒன்றில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு 23 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் ஐ.சி.யை எடுத்து வைக்கிறார்கள். ஆண்டை விட்டுவிட்டு அடுத்த நான்கு இலக்கங்களை மட்டும் பார்த்தால், யாராவது இருவருக்கு அவை ஒன்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 365 நாளுக்கு 23 பேர்தானே, பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது என்றுதான் தோன்றும். உண்மையில் பாதிக்குச் சற்று மேல்.

நாம் ஆட்களை எண்ணுகிறோம். எண்ண வேண்டியது ஜோடிகளை. ஒவ்வொருவரையும் மற்ற 22 பேரோடு ஒப்பிட வேண்டும். 23-ஐ 22-ஆல் பெருக்கி, ஒவ்வொரு ஜோடியும் இருமுறை வருவதால் பாதியாக்கினால் 253 ஜோடிகள். கணக்கைத் தலைகீழாகப் போடுவது சுலபம். இரண்டாமவர் முதலாமவரின் நாளைத் தவிர்க்க 365-இல் 364 வாய்ப்பு, மூன்றாமவருக்கு 363, இப்படியே போய் 23-ஆம் ஆளுக்கு 343. இந்தப் பின்னங்களையெல்லாம் பெருக்கினால், யாருக்குமே பொருந்தாமல் போகும் வாய்ப்பு 0.493. மீதி 50.7 விழுக்காடு, பொருந்தும் பக்கம். 57 பேர் கூடிவிட்டால் அது 99 விழுக்காட்டைத் தாண்டும். (பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் மன்னிக்கவும், உங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

சரி, ‘யாராவது இருவர்’ என்று கேட்காமல் ‘என் பிறந்த நாளில் இன்னொருவர்’ என்று கேட்டால்? அதே பாதி வாய்ப்புக்கு, உங்களைத் தவிர 253 பேர் தேவை. ஆகஸ்ட் 31 பட்டியலும் இந்த வகைதான்: தேதி முன்கூட்டியே முடிவாகிவிட்டது. ஆனால் வரலாற்றில் நிகழ்ச்சிகளுக்கா பஞ்சம்? கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து நாட்காட்டியில் போட்டால்கூட, 365 கட்டங்களும் நிரம்பச் சராசரியாக 2,365 நிகழ்ச்சிகள் போதும். நீங்கள் பிறந்த தேதிக்கும் இப்படி ஒரு பட்டியல் தயாராகிவிடும்.

அப்புறம், பட்டியலில் வருவதெல்லாம் தற்செயலும் இல்லை. என்னைக் கேட்டால் அதில் உருப்படியான பகுதி அதுதான். 1963 ஆகஸ்ட் 31-இல் சபாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. சிங்கப்பூரும் அன்றே தானாக விடுதலையை அறிவித்துக்கொண்டது. மலாயாவோடு இவையும் சேர்ந்து மலேசியா அன்று பிறப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்க்கவே, மக்களின் விருப்பத்தை அறிய ஐ.நா. குழு வந்தது, மலேசியா செப்டம்பர் 16-க்குத் தள்ளிப்போனது. இங்கே தேதிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்திருக்கின்றன. இந்தியாவிலும் இப்படித்தான். அரசியலமைப்பு 1949 நவம்பர் 26-லேயே ஏற்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 1930 ஜனவரி 26-இன் முழு விடுதலைப் பிரகடனத்தை நினைத்து 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள். பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியது 1786 ஜூலையில். கொடியேற்றித் தீவை முறைப்படி எடுத்துக்கொண்டது ஆகஸ்ட் 11-இல். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள். தீவுக்கு அவர் பெயரையே சூட்டினார்.

இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு: தேதி வேறு, பொழுது ஏறக்குறைய ஒன்று. ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பானியத் தாக்குதல் 1941 டிசம்பர் 7, மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8 என்று புத்தகங்களில் படிக்கிறோம். அதனால் நம் பக்கம் போர் ஒரு நாள் தாமதமாக வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். ஹவாயின் கடிகாரம் அப்போது மலாயாவின் கடிகாரத்துக்கு 18 மணி நேரம் பின்னால் ஓடியது. அங்கே காலை எட்டு மணிக்குச் சற்று முன் முதல் குண்டு விழுந்தபோது, இங்கே பின்னிரவு இரண்டு மணி ஆகப்போகிறது. கோத்தா பாரு கடற்கரையில் சண்டை தொடங்கி அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.