பெரிய கத்தி வாங்கும் முன் பிடிக்குள் பாருங்கள்

போன மாதம் வரை என் மேசையின் அடி இழுப்பறையில் பதினொரு உடைந்த கத்திகள் கிடந்தன. கோவையில் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை வைத்திருக்கிறேன். கியர், ஷாஃப்ட், பிரஸ் டை போன்றவற்றை உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, கேட்ட கடினத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது பிழைப்பு. கத்தி என் வியாபாரம் கிடையாது. ஆனால் தோட்டம் வைத்திருப்பவர்கள், கூடாரம் போட்டுத் தங்குபவர்கள், மலையேறுபவர்கள் என்று பழக்கமானவர்கள் நிறைய. வாங்கிய கத்தி உடைந்தால் "இது ஏன் உடைஞ்சுது, பாருங்க" என்று என் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். அதுவரை திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் வந்ததில்லை.

அந்தப் பதினொன்றில் எட்டுக் கத்திகளுக்கு வெட்டும் பகுதியில் ஒரு குறையும் இல்லை. கைப்பிடிக்குள்ளேயோ, கைப்பிடி தொடங்கும் இடத்திலோ முறிந்தவை அவை. வாங்கியவர்கள் அலகின் நீளம் பார்த்தார்கள், பளபளப்பு பார்த்தார்கள், படம் பார்த்தார்கள். முறிந்த இடத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க முடியாத இடத்தில்தான் அது இருக்கிறது.

கடைசியாக வந்தது ஒரு நண்பரின் மகனுடையது. கல்லூரியில் படிக்கிறான். இணையத்தில் வாங்கிய கத்தி. பத்து அங்குல அலகு, கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடிமூடியைத் திருகித் திறந்தால் உள்ளே தீக்குச்சி, தூண்டில் முள் வைக்க இடம். தோட்டத்தில் மூங்கில் கழித்திருக்கிறான். ஐந்தாறு வீச்சுக்குள் அலகு தனியாகக் கழன்று பறந்து, பக்கத்தில் நின்ற நண்பனின் காலுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்திக்கொண்டு நின்றதாம். "அங்கிள், ஸ்டீல் மட்டமா?" என்று கேட்டான். கடினம் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்த்தேன். ஸ்டீல் அப்படியொன்றும் மோசமில்லை. அலகின் பின்முனையில் ஒரு 6 மில்லி போல்ட்டை வெல்டிங் வைத்து, அதைக் குழல் பிடிக்குள் நட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். அவ்வளவு பெரிய கத்தியை அவன் கையோடு சேர்த்துப் பிடித்திருந்தது அந்த ஒரு போல்ட்தான்.

கார்பன் அதிகமுள்ள எஃகை முன்சூடு இல்லாமல் வெல்டிங் செய்தால், ஒட்டுக்குப் பக்கத்துப் பகுதி சட்டென்று காய்ந்து சட்டென்று குளிரும். அந்த மெல்லிய பட்டை கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெட்டும்போது அலகுக்கும் கைக்கும் நடுவில் அதிர்ச்சி முழுவதும் வந்து இறங்குவதும் அதே இடத்தில். முறியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மடக்காத கத்தியில் அலகிலிருந்து பிடிக்குள் நீளும் இரும்பை இங்கே வால் என்று சொல்லிக்கொள்கிறேன். பிடியின் முழு நீளத்துக்கும் முழு அகலத்துக்கும் வால் போனால் இரண்டு பக்கமும் மரத் துண்டு வைத்து ரிவிட் அடித்திருப்பார்கள். பிடியைச் சுற்றி ஓரத்தில் இரும்புக் கோடு கண்ணுக்கே தெரியும். புதிதாக வாங்குபவருக்கு இதைவிட எளிய அடையாளம் வேறில்லை. அதற்காக மறைந்த வாலெல்லாம் மோசம் என்று சொல்லிவிடக் கூடாது. நம்மூர் அரிவாளே மறைந்த வால்தான். காய்ச்சி மரப்பிடிக்குள் இறக்கி, மேலே பூண் போட்டிருப்பார்கள். நேபாளத்துக் குக்ரியின் பழைய வடிவமும் அப்படித்தான், உள்ளே அரக்கு வைத்து இறுக்கியது. தலைமுறை தலைமுறையாக அவை வேலை செய்திருக்கின்றன. வால் போதிய நீளமும் கனமும் உள்ளதாக, அலகோடு ஒரே துண்டாக அடிக்கப்பட்டதாக இருந்தால் போதும். கடையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்வது இது. பழைய கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்கைப் பிரித்தால் உள்ளே சிறிய காந்தம் இருக்கும், பொல்லாத இழுப்பு. அதைப் பிடியின் மேல் அலகுப் பக்கமிருந்து அடிவரை மெதுவாக நகர்த்துங்கள். மரமோ பிளாஸ்டிக்கோ, அதைத் தாண்டி உள்ளிருக்கும் இரும்பை அது இழுக்கும். எந்த இடத்தில் இழுப்பு நிற்கிறதோ அதுவரைதான் வால். பிடியின் கால்பாகத்திலேயே இழுப்பு நின்றுவிட்டால் அந்தக் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள். பழம் நறுக்கலாம், கிளை வெட்டக் கூடாது. பிடியே இரும்புக் குழலாக இருந்தால் காந்தம் உதவாது. குழல் பிடி என்பதே வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

இழுப்பறையில் முதலில் விழுந்த கத்தி நானே செய்தது. சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றவர்கள் கத்தியை மட்டும் குறை சொன்னதாகிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டை, நல்ல எஃகு, முழு வால், எல்லாம் சரி. ஆனால் அலகின் அகலம் குறைந்து வாலாக மாறும் இடத்தில் கிரைண்டரால் மட்டம் வைத்த மாதிரி கச்சிதமான செங்கோண மூலை வெட்டியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தென்னை மட்டை கழிக்கும்போது அந்த மூலையிலிருந்து குறுக்கே விரிசல் ஓடி முறிந்தது. உள்மூலை கூராக இருந்தால் விசை அங்கே குவியும் என்பது ஷாஃப்ட் செய்பவர்களுக்கு நான் தினமும் சொல்லும் பாடம். அங்கே ஒரு வளைவு கொடுத்திருந்தால் போதும். துண்டைப் பார்த்த பழைய கொல்லர் ஒருவர், "தம்பி, மூலைய உருட்டி விடோணும்னு சின்னப் பையனுக்கும் தெரியுமே" என்றார். பதில் சொல்லவில்லை. வாங்கும்போது நீங்களும் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். முதுகில் ரம்பப் பல் வெட்டிய கத்திகளை நான் தவிர்ப்பதும் இதனால்தான். ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு கூர் மூலை. அந்தப் பல்லால் உருப்படியாக விறகு அறுத்தவரை இதுவரை பார்த்ததில்லை.

சரி, எஃகு. விளம்பரங்களில் எஃகின் பெயர் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரே எஃகைத் தோய்ச்சல் போடும் விதத்தில் (பேச்சில் துவைச்சல் என்போம்) கண்ணாடியாகவும் ஆக்கலாம், ஈயம் மாதிரியும் ஆக்கலாம். ஸ்பிரிங் பட்டை எஃகில் கார்பன் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம். 850 டிகிரியை ஒட்டிக் காய்ச்சி எண்ணெயில் இறக்கினால் கெட்டியாகும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே விரிசல் விடலாம். அப்புறம் 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே மறுபடி சூடாக்கி ஆறவிட வேண்டும். அப்போதுதான் அடி தாங்கும். அவசரத்துக்கு எண்ணெய்க்குப் பதில் தண்ணீரில் முக்கினால் மயிரிழை விரிசல் விழலாம். பாலிஷ் போட்டால் மறைந்தும் போகும். பழைய லாரிப் பட்டையில் வருடக்கணக்காக வளைந்து வளைந்து ஏற்கெனவே விரிசல் இருக்கவும் வாய்ப்புண்டு. நல்ல கொல்லர் அதைத் தட்டி ஓசை கேட்டே ஒதுக்கிவிடுவார்.

கிளை, மூங்கில், தேங்காய் என்று ஓங்கி வெட்டும் கத்திக்குக் கடினம், அதை அளக்கும் ராக்வெல் சி அளவில் 54 முதல் 58 வரை இருந்தால் நல்லது. 60, 62 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது நறுக்கும் கத்திக்கான கணக்கு. முடிச்சு மரத்தில் வாய் (வெட்டும் ஓரம்) சில்லுசில்லாகப் போகும். கடையில் மெஷின் கிடையாது, ஆனால் அரம் கிடைக்கும். வாய் ஓரமாக ஒரு புது அரத்தை லேசாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டே போனால் மிகக் கடினம். வெண்ணெய் மாதிரி அரத்தில் ஏறினால் மிக மென்மை. முரண்டு பிடித்துக்கொண்டு கொஞ்சமாகக் கடிபட வேண்டும். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இன்னொன்று, வாயின் ஓரத்தில் நீல நிறக் கோடு. சாணை பிடிக்கும்போது தண்ணீர் தொடாமல் அழுத்திப் பிடித்தால் மெல்லிய ஓரம் 300 டிகிரிக்குப் போய்விடும். இரும்பில் நீலம் ஏறுவது அந்தச் சூட்டில்தான். அதற்கு முன் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று வரிசையாக வரும். நீலம் ஏறிய வாய் கடினம் இழந்துவிட்டது, எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் கையடக்க கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். நல்ல கத்தியை அரை நிமிடத்தில் கெடுக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

கோலம் போட்ட மாதிரி வரி ஓடும் டமாஸ்கஸ் கத்திகளைப் பற்றியும் கேட்கிறார்கள். எங்கள் நொய்யல் கரையில், கொடுமணலில், பழைய இரும்பு உலைகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. உருக்கு இந்த மண்ணுக்குப் புதிதில்லை, பெருமைதான். ஆனால் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் அந்த வரி மேலே அச்சிட்டது, உப்புத்தாள் போட்டால் போய்விடும். வரிக்காக வாங்காதீர்கள்.

இப்போது நீளம். உண்மையில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள்? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்கிறது. தேசியப் பூங்காவுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் ஆயுதம் என்று எண்ணும் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. கிளை வெட்டுவதும் குற்றம், தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காட்டில் விறகு பிளக்க என்று கத்தி வாங்குபவர் எந்தக் காட்டில் பிளக்கப் போகிறார்? வெள்ளியங்கிரி ஏறுபவருக்கு மூங்கில் தடியும் டார்ச்சும்தான் வேலைக்கு ஆகும்.

ஆயுத விதிகளின் அட்டவணையும் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு அதில் ஆயுத வகையில் வருகிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற்சாலை வேலைக்கென்று செய்தவை விலக்கு. தென்னந்தோப்பில் அரிவாள் வைத்திருப்பவருக்குச் சிக்கல் இல்லை. அதே நீளத்தில் போர்க்கத்தி மாதிரி ஒன்றைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு செக்போஸ்ட்டில் நிற்பவர், அது விவசாயக் கருவி என்று விளக்கிப் புரியவைப்பது கஷ்டம்.

ஆக, பெரிய கத்திக்கு நியாயமான வேலை இருக்கும் இடம் சொந்தத் தோட்டம், தெரிந்தவர் எஸ்டேட், தனியார் இடத்தில் கூடாரம். அங்கேயும் வேலையைப் பொறுத்தது. புல்லும் கொடியும் செதுக்க வேண்டுமென்றால் 2, 3 மில்லி கனமுள்ள நீண்ட மெல்லிய அலகு. மத்திய அமெரிக்காவின் மச்செட்டி அப்படித்தான் இருக்கும். அதை வைத்து விறகு பிளந்தால் வளையும். காய்ந்த கிளையும் மூங்கிலும் என்றால் முதுகு 5 மில்லி, நீளம் ஏழிலிருந்து ஒன்பது அங்குலம், எடை முனைப் பக்கம். எடை முனைப் பக்கம் என்பதுதான் குக்ரிக்கும் மலேசியாவின் பாராங்குக்கும் நம் கொடுவாளுக்கும் பொதுவான சூத்திரம். விரல் மேல் வைத்துச் சமன் பாருங்கள். பிடிக்கு முன்னால், அலகின் மேல் சமன் நின்றால் அது வெட்டும் கத்தி. 8 மில்லி கனம் என்று சிலர் பெருமையாக வாங்குகிறார்கள்; பத்து வீச்சில் மணிக்கட்டு சொல்லிவிடும். சோர்ந்த கை வழுக்கும், வழுக்கிய கத்தி முழங்காலுக்குத்தான் வரும்.

வார்னிஷ் பூசிய வழவழப்பான பிடி வியர்வையில் சோப்பு மாதிரி. உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் மட்டும் விடுங்கள். கருவேலம் போல உறுதியான மரம் போதும். பிடியின் அடி கொக்கி போலக் கொஞ்சம் வளைந்திருந்தால் வீசும்போது கையை விட்டு நழுவாது. நம் கொல்லர்கள் யாரும் சொல்லாமலே அப்படித்தான் செதுக்குகிறார்கள்.

உறையைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். கத்தியை உருவும்போது பெரும்பாலோர் உறையை முழுக் கையால் சுற்றிப் பிடிக்கிறார்கள், நான்கு விரலும் வாய்ப்பக்கம். தையல் நைந்த தோல் உறை என்றால் அலகு தையலை அறுத்துக்கொண்டு நேராக விரலுக்கு வரும். முதுகுப் பக்கம் மட்டும் பிடித்துப் பழகுங்கள். வேலை முடிந்ததும் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டாம், ஈரம் குடித்த தோல் கார்பன் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

நண்பரின் மகன் போன மாதம் மறுபடி வந்தான். சந்தையில் வாங்கிய எட்டு அங்குல வெட்டரிவாள், கறுப்பாக, முரட்டுத்தனமாக, வாய் கொஞ்சம் கோணலாக. என் மேசையிலிருந்த காந்தத்தை அவனே எடுத்துப் பிடியில் வைத்து நகர்த்திக் காட்டினான். அடிவரை இழுத்தது. "பழசைத் திருப்பி வாங்கிக்கலாமா அங்கிள்?" என்றான். எதற்கு என்று கேட்டேன். தீக்குச்சி வைக்கும் பிடியாம், சும்மா வைத்துக்கொள்கிறானாம். எடுத்துப் போகச் சொன்னேன். இழுப்பறையில் இப்போது பத்துதான்.