டிஃபால்ட் ரூட்: சொல்லும் பொருளும், தமிழில் புகல்வழியும்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் நெட்வொர்க் வேலை பார்க்கும் தமிழர்கள் வாயில் நாளுக்குப் பத்து தடவை புழங்கும் சொல் இது. "டிஃபால்ட் வருதா பாருங்க." "அந்த பிராஞ்சுக்கு டிஃபால்ட்டை மட்டும் தள்ளுங்க, போதும்." "எங்கேயோ டிஃபால்ட் லீக் ஆகுது சார்." 'ரூட்' என்ற பின்பாதி பேச்சில் உதிர்ந்தே போய்விட்டது.

முதலில் பொருள். வலைகளுக்கிடையே தரவை வழியனுப்பும் கருவியான ரவுட்டர், பொட்டலம் எனப்படும் ஒவ்வொரு தரவுத் துண்டின் சேருமிட முகவரியையும் தன் வழி அட்டவணையோடு ஒப்பிட்டு, அதிக பிட்டுகள் பொருந்தும் வரியைத் தேர்ந்தெடுக்கும். டிஃபால்ட் ரூட் என்பது 0.0.0.0/0 என்ற வரி, புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் ::/0. சாய்கோட்டுக்குப் பின் வரும் எண், முகவரியில் எத்தனை பிட் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. சுழியம் என்றால் ஒரு பிட்கூடப் பொருந்த வேண்டியதில்லை. ஆகவே எந்த முகவரியும் இந்த வரிக்குப் பொருந்தும். ஆனால் வேறு எந்த வரி பொருந்தினாலும் அதனிடம் இது தோற்றுவிடும். ஊருக்குப் புதிதாய் வந்தவரிடம் பெங்களூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான்: நேர் பஸ் தெரிந்தால் அதில் ஏறு, தெரியாவிட்டால் மெஜஸ்டிக் பஸ்ஸில் ஏறு, மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம். நகரின் மையப் பேருந்து நிலையமான மெஜஸ்டிக்தான் இந்த ஊர் பஸ்களின் டிஃபால்ட் ரூட்.

இன்றைய ஐபிவி4 இணையத்தின் முழு அட்டவணை ஏறத்தாழ பத்து லட்சம் வரி. கிளை அலுவலகத்து ரவுட்டர் அத்தனையையும் சுமக்க வேண்டியதில்லை. உள் வலையின் இருநூறு வரியும் ஒரு டிஃபால்ட்டும் அதற்குத் தாராளம்.

சொல் வந்த வழியைப் பார்த்தால் தமிழாக்கம் பாதி முடிந்த மாதிரி. டிஃபால்ட் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது; அடியில் இருப்பது 'ஏமாற்று, தவறிப்போ' என்ற பொருளுள்ள லத்தீன் வினை. குறை, இல்லாமை, செய்ய வேண்டியதைச் செய்யாமை என்பதே ஆதிப் பொருள். கடன் டிஃபால்ட்டில் இல்லாதது தவணை. டிஃபால்ட் ஜாமீனில் இல்லாதது குற்றப்பத்திரிகை: வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் அதைத் தாக்கல் செய்யாததால் கிடைக்கும் ஜாமீன் அது. டிஃபால்ட் எழுத்துருவில் இல்லாதது பயனரின் தேர்வு. டிஃபால்ட் ரூட்டில் இல்லாதது பொருத்தமான வேறு வழி. நாலு துறையிலும் ஒரே இல்லாமைதான். ரூட் என்பதன் லத்தீன் மூலம் 'உடைத்துத் திறந்த பாதை'. நாம் ரோடு 'போடுகிறோம்', அவர்கள் உடைத்திருக்கிறார்கள்.

கணினித் தமிழில் டிஃபால்ட்டுக்கு ஏற்கெனவே பல சொற்கள் உலவுகின்றன. 'முன்னிருப்பு' செட்டிங்ஸுக்கு நன்றாகப் பொருந்தும், பெட்டியைத் திறக்கும்போதே உள்ளே இருப்பது என்பதால். கன்னட இடைமுகங்களில் வரும் 'பூர்வநியோஜித'வும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் டிஃபால்ட் ரூட் எந்த ரவுட்டரிலும் முன்கூட்டியே இருப்பதில்லை. ஒரு மனிதர் போட வேண்டும், அல்லது பக்கத்து ரவுட்டர் சொல்லித்தர வேண்டும். 'இயல்புநிலை வழி' இன்னும் சிக்கல். இயல்பான வழி என்றால் வழக்கமாகப் போகும் முதல் வழி என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார், உண்மையில் இதுவோ கடைசி வழி. 'கொடாநிலை' மூலச் சொல்லின் இல்லாமையைப் பிடித்திருக்கிறது; படித்தவுடன் புரிகிறதா என்பது வேறு கேள்வி.

சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரே இதற்கு வேறொரு பெயரும் வைத்திருக்கிறது: கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட். வேறு கதி இல்லாதபோது போய்ச் சேரும் வாயில். இதற்குத் தமிழில் தேடி அலைய வேண்டியதில்லை, 'புகல்' இருக்கிறது. டிஃபால்ட் ரூட்டைப் புகல்வழி என்பதே சரி. போக்கிடம் இல்லாத பொட்டலம் புகுமிடம் என்ற பொருள் நேராக வருகிறது. 'கேட்வே' ரவுட்டரின் பழைய பெயர். 1981-இல் வந்த ஐபி வரையறை, ஆர்.எஃப்.சி. (இணைய நெறிமுறை ஆவணம்) 791, கேட்வே என்றே எழுதுகிறது. அந்த மிச்சம்தான் லேப்டாப்பில் இன்றும் நாம் நிரப்பும் 'டிஃபால்ட் கேட்வே'. அது 'புகல்வாயில்'.

புகல்வழியை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் இடத்தில்தான் சொற்களில் கவனம் வேண்டும். இதில் மூன்று வேலைகள் இருக்கின்றன, பேச்சில் மூன்றுக்கும் 'தள்ளுறது' என்ற ஒரே சொல்தான். ஒரு ரவுட்டர் புதிதாக அறிவிப்பது 'பிறப்பித்தல்'. ஆணை பிறப்பிப்பது போல, பொறுப்பு பிறப்பித்தவருடையது. கேட்டதை அடுத்த ரவுட்டருக்குச் சொல்வது 'கடத்தல்'. கேட்டதைத் தன் அட்டவணையில் இடுவது 'ஏற்றல்'. புகல்வழியைப் பிறப்பிக்கும் ரவுட்டர் "உனக்குத் தெரியாததையெல்லாம் என்னிடம் கொண்டு வா" என்று வாக்குக் கொடுக்கிறது. வெளியே போக வழியில்லாத ரவுட்டர் அப்படிச் சொன்னால், பக்கத்திலுள்ள அத்தனையும் நம்பிக் கெடும். ரவுட்டர்கள் வழி பரிமாறிக்கொள்ளும் பழைய விதிகளில் ஒன்றான ரிப் நெறிமுறையை வரையறுத்த ஆர்.எஃப்.சி. 1058, 1988-இலேயே எச்சரித்தது: 0.0.0.0 வழி வேண்டிய எல்லையைத் தாண்டிப் பரவாமல் நிர்வாகி பார்த்துக்கொள்ள வேண்டும், பொதுவாக அது ஒரு நிறுவன வலையின் எல்லையை விட்டு வெளியே போகக் கூடாது.

ஒரு நிறுவன வலைக்குள் ரவுட்டர்கள் வழி பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் புகல்வழியைப் பிறப்பிக்கும் கட்டளை 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்'. சிஸ்கோவில் 'ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாட்டிக்' போட்டால் மற்ற ஸ்டாட்டிக் (கையால் போட்ட) வழிகள் உள்ளே போகும், 0.0.0.0/0 மட்டும் போகாது. புதியவர்கள் அரைநாள் தலையைச் சொறிவது இங்கேதான். 'ஒரிஜினேட்' கட்டளையோ, ரவுட்டரிடம் உண்மையிலேயே ஒரு புகல்வழி இருந்தால் மட்டும் அறிவிக்கும். அது போனால் அறிவிப்பும் திரும்பப் பெறப்படும். பின்னால் 'ஆல்வேஸ்' சேர்த்தால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வெளிவாசல் உள்ள அலுவலகத்தில் 'ஆல்வேஸ்' போடுவது வினையை விலைக்கு வாங்குவது. ஒரு லைன் அறுந்தாலும் அந்த ரவுட்டர் பொட்டலங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வந்தவை அங்கேயே விழும், பக்கத்தில் இரண்டாவது லைன் சும்மா கிடக்கும்.

அறிவிக்கும் வழியின் மெட்ரிக்கைச் (விலை எண், குறைந்ததே வெல்லும்) சொல்லாமல் விட்டால் 1, வகை ஈ2 (வெளியிலிருந்து வந்த வழிகளின் ஒரு வகை). ஈ2 வகையில் உள்வலைத் தொலைவு கூட்டப்படாது. ஒரு வாசலுக்கு 10, இன்னொன்றுக்கு 20 என்று கொடுத்தால் எல்லாரும் 10-க்கே போவார்கள். இரண்டும் சமமென்றால் அவரவருக்குப் பக்கத்திலுள்ள வாசல். முதன்மை, மாற்று என்று வைக்க வேண்டுமானால் எண்ணை வேறாகக் கொடுங்கள். சுமையைப் பங்கிட வேண்டுமானால் சமமாக விடுங்கள்.

'ஆல்வேஸ்' இல்லாமலும் ஒரு பள்ளம் உண்டு. இணைய நிறுவனத்தின் லைன் நேராக ரவுட்டருக்கு வராமல் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செப்புக் கேபிளாக மாற்றும் பெட்டி) வழியாக வந்தால், தெருவில் ஃபைபர் அறுந்தும் ரவுட்டர் போர்ட்டில் பச்சை விளக்கு எரியக்கூடும். போர்ட் உயிரோடு இருப்பதால் ஸ்டாட்டிக் புகல்வழி அட்டவணையில் இருக்கும், ஓஎஸ்பிஎஃப்பும் அறிவித்துக்கொண்டே இருக்கும். மருந்து, அந்த லைனுக்கு அப்பாலுள்ள ஒரு முகவரியை ஐந்து விநாடிக்கு ஒருமுறை பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து), பதில் நின்றால் ஸ்டாட்டிக் வழியை எடுத்துவிடும் ஐபி எஸ்எல்ஏ, ட்ராக் என்ற இரு சிஸ்கோ வசதிகளின் இணை.

ஆனால் பிங் போகும் முகவரிக்கு அந்த லைன் வழியாகவே ஒரு /32 (அந்த ஒரே முகவரிக்கான) வழி போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். பூட்டாவிட்டால் நடப்பது இது: லைன் சாகிறது, பிங் தோற்கிறது, புகல்வழி இரண்டாவது லைனுக்கு மாறுகிறது. அடுத்த பிங் அந்த இரண்டாவது லைன் வழியாகப் போய்ப் பதில் வாங்கிவிடுகிறது. முதல் லைன் பிழைத்துவிட்டது என்று நம்பி ரவுட்டர் செத்த லைனுக்கே திரும்புகிறது. சில விநாடிக்கு ஒருமுறை இந்த ஊஞ்சல். வீடியோ கால் விட்டுவிட்டு அறுகிறது என்று புகார் வந்தால் லாகில் ட்ராக் அப், ட்ராக் டவுன் மாறிமாறி வருகிறதா என்று பாருங்கள். (பூட்டிய முகவரியையே அலுவலகம் முழுக்க, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸாக வைத்திருந்தால் லைன் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். வேறு முகவரி எடுங்கள்.)

ஓஎஸ்பிஎஃப் வலையை ஏரியா என்ற பகுதிகளாகப் பிரிக்கலாம். வெளி வழிகளை உள்ளே விடாத ஸ்டப் ஏரியாவில் எல்லை ரவுட்டர் தானாகவே புகல்வழி தரும். தானே சில வெளி வழிகளைக் கொண்டுவரக்கூடிய அதன் மாற்று வடிவமான என்எஸ்எஸ்ஏ ஏரியாவில் தானாகத் தராது, கேட்டு வாங்க வேண்டும். 'நோ-சம்மரி' சேர்த்தால் தந்துவிடும். ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு நெறிமுறையில் எல்லை ரவுட்டர் 'அட்டாச்டு' என்ற ஒற்றை பிட்டை உயர்த்திக் காட்டினால் போதும், தம் பகுதிக்குள் மட்டும் வழி தெரிந்த முதல்நிலை ரவுட்டர்கள் தாமே புகல்வழி அமைத்துக்கொள்ளும்.

ரிப்பில் அதே 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' கட்டளைதான், குணம் வேறு: தன்னிடம் புகல்வழி இருக்கிறதா என்று பார்க்காமலே அறிவித்துவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் நடத்தையும் ஒன்று என்று நம்ப வேண்டாம். சிஸ்கோவின் ஈஐஜிஆர்பி நெறிமுறையில் ஸ்டாட்டிக் புகல்வழியை மறுபகிர்வு (ரீடிஸ்ட்ரிபியூட்) செய்யலாம். அல்லது ஒரு போர்ட்டில் 0.0.0.0/0-ஐச் சுருக்கமாக அறிவிக்கலாம். கிளைகளுக்கு இது நேர்த்தியான முறை, ஒரு முள்ளோடு. சுருக்கம் போட்டவுடன் அந்த ரவுட்டர் தன் அட்டவணையிலும் நல்0-வைச் (பொட்டலத்தைக் குப்பையில் போடும் போலி வாசல்) சுட்டும் ஒரு புகல்வழியை இடும், அதன் நிர்வாகத் தொலைவு (ஒரே வழியைப் பலர் சொன்னால் யாரை நம்புவது என்ற எண், குறைந்ததே வெல்லும்) 5. உண்மையான புகல்வழி ஸ்டாட்டிக் என்றால் தொலைவு 1, தப்பித்தது. நிறுவனங்களுக்கிடையே வழி பரிமாறும் நெறிமுறையான பிஜிபியிலிருந்து 20 தொலைவில் வந்ததென்றால் 5 ஜெயிக்கும், வெளியே போக வேண்டியதெல்லாம் குப்பைக்குப் போகும்.

பிஜிபியில் அண்டை ரவுட்டருக்கு 'டிஃபால்ட்-ஒரிஜினேட்' போட்டால் அதுவும் தன்னிடம் இருப்பதைச் சரிபார்க்காது; நிபந்தனை வேண்டுமானால் ரூட்-மேப் (நிபந்தனைப் பட்டியல்) சேர்க்க வேண்டும். பெங்களூரிலும் முனை வைத்திருக்கும் நிக்சி போன்ற இணைய இணைப்பகத்தில் (நிறுவனங்கள் தங்களுக்குள் நேரடியாகப் பொட்டலங்களை மாற்றிக்கொள்ளும் இடம்) சக நிறுவனத்துக்குப் புகல்வழி அனுப்புவதும் தவறு, கேட்காமல் அவர் ரவுட்டரைப் புகல்வழியாகச் சுட்டுவது அதைவிடத் தவறு. அவர் காசு கொடுத்து வாங்கிய பாதையில் ஓசிப் பயணம் அது.

தடுக்கும் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் விபத்து நடக்கும். பிரிஃபிக்ஸ்-லிஸ்ட் என்ற வடிகட்டிப் பட்டியலில் '0.0.0.0/0' என்று மட்டும் எழுதினால் அது புகல்வழி ஒன்றையே குறிக்கும். பின்னால் 'எல்இ 32' (/32 வரை எந்த நீளமும் சரி) சேர்த்தால் உலகத்திலுள்ள எல்லா வழியையும் குறிக்கும். புகல்வழியை மட்டும் மறுக்க நினைத்துப் பழக்கதோஷத்தில் 'எல்இ 32' சேர்த்தவர் எல்லாவற்றையும் மறுத்துவிடுவார். புகல்வழியை மறுத்துவிட்டு, அடுத்த வரியில் 'மற்றதெல்லாம் அனுமதி' எழுத மறந்தவருக்கும் அதே கதிதான், லிஸ்ட்டின் முடிவில் எழுதாத மறுப்பு ஒன்று எப்போதும் காத்திருக்கிறது.

ஓஎஸ்பிஎஃப்பில் உள்வரும் டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் என்ற வடிகட்டி அந்த ஒரு ரவுட்டரின் 'ஏற்றலை' மட்டுமே தடுக்கும். அறிவிப்பு அதன் வழியாகவே அடுத்தவர்களுக்குக் 'கடந்து' போய்விடும். கிளை அலுவலகத்து பிராட்பேண்டுக்குப் போட்ட மாற்றுப் புகல்வழி தலைமை அலுவலகத்துக்குப் பரவி, மொத்தக் கூட்டமும் 100 எம்பிபிஎஸ் லைனில் வந்து முட்டுவது இப்படித்தான். வழி கேட்பவரிடம் வடிகட்டிப் பயனில்லை, பிறப்பிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

இன்னொரு சிக்கல், இரண்டு பேருக்கும் புகல் மற்றவரே என்று ஆகும்போது. இணைய நிறுவனம் 203.0.113.0/24 (256 முகவரி) முழுவதையும் உங்களுக்கு அனுப்புகிறது, நீங்கள் அதில் முதல் 64 முகவரியை மட்டும் பயன்படுத்துகிறீர்கள். வெளியிலிருந்து யாரோ 203.0.113.200-ஐத் தேடுகிறார். பொட்டலம் உங்கள் ரவுட்டருக்கு வருகிறது, அட்டவணையில் அந்த முகவரி இல்லை, புகல்வழி இணைய நிறுவனத்தைக் காட்டுகிறது, திருப்பி அனுப்புகிறீர்கள். அவர்கள் மறுபடி உங்களிடம். ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் டிடிஎல் எண் தீரும்வரை ஒரே பொட்டலம் லைனில் ஐம்பது தடவை ஓடும். பொட்டலம் போகும் பாதையைக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் இரண்டே முகவரிகள் மாறிமாறி வந்தால் நோய் இதுதான். மருந்து ஒரே வரி: முழு /24-ஐயும் நல்0-வுக்குச் சுட்டும் ஸ்டாட்டிக் வழி. பயன்பாட்டிலுள்ள 64 முகவரிக்கு /26 வரி இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பு வராது.

புகல்வழி எங்கிருந்து வந்தது என்பதை 'ஷோ ஐபி ரூட்' கட்டளை முதல் சில வரிகளிலேயே காட்டும். நட்சத்திரக் குறியோடு 'எஸ்' இருந்தால் கையால் போட்டது, 'ஓ', 'ஈ2' இருந்தால் ஓஎஸ்பிஎஃப் வழியே கேட்டது. புகல்வழியே இல்லாவிட்டால், கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் அமைக்கப்படவில்லை என்று எழுதியிருக்கும். கிளை ரவுட்டரில் அந்த வரி வந்தால் போன் அடிக்கத் தொடங்கும். முழு அட்டவணையையும் சுமக்கும் பெரிய நிறுவனங்களின் மைய ரவுட்டரிலோ அது எந்நேரமும் அப்படியேதான் இருக்கும். டிஃபால்ட்-ஃப்ரீ ஸோன் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியை, மேலே சொன்ன கணக்கில், 'புகலிலாப் பகுதி' எனலாம்.