ஒரு தவறும் பதிவாகாத வார்டு

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், மாதாந்திரத் தரக் கூட்டத்தில் ஒரு வார்டுக்குக் கைதட்டினார்கள். ஆறு மாதமாக அங்கிருந்து ஒரு இன்சிடென்ட் ரிப்போர்ட்கூட வரவில்லை. மருந்துத் தவறு: இல்லை. நோயாளி கீழே விழுந்தது: இல்லை. ஊழியர் கையில் ஊசி குத்தியது: இல்லை. இன்சார்ஜ் சிஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். முப்பது படுக்கை, இரவில் மூன்று நர்ஸ், நள்ளிரவுக்கு மேல் வரும் இரண்டு மூன்று புது அட்மிஷன். இப்படிப்பட்ட இடத்தில் ஆறு மாதம் எதுவுமே தவறாது என்பது நடக்காத காரியம் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொரு நர்ஸுக்கும் தெரியும்.

எனக்கு அது கூடுதலாகவே தெரியும்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி. ஒரு நோயாளிக்கு ஹெபாரின் 5,000 யூனிட் போடச் சொல்லி ஆர்டர். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து அது. 5 மி.லி. வயலாக, அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியாக வரும். அதில் இரண்டு வகை உண்டு: ஒன்றில் மி.லி.க்கு 1,000 யூனிட், இன்னொன்றில் மி.லி.க்கு 5,000 யூனிட். வயலின் அளவு ஒன்றுதான். எங்கள் டிரேயில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் வகை என்று நினைத்து இரண்டாவதை எடுத்து, முழு 5 மி.லி.யையும் சிரிஞ்சில் ஏற்றிவிட்டேன். 25,000 யூனிட். அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா, காலி வயலைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தார். "ஏய், இது அஞ்சாயிரம்டி!"

சிரிஞ்சைக் கொட்டினேன். வேறு வயல் எடுத்து, இரண்டு பேரும் வாய்விட்டுப் படித்து, சரியாகப் போட்டோம். விடியும்வரை கை நடுக்கம் நிற்கவில்லை. "விடு, ஒண்ணும் ஆகலை இல்ல? யார்கிட்டயும் சொல்லிக்காதே" என்றார் அக்கா. என் மேல் இருந்த அன்பில் சொன்னது. அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு பெண் தன் தவறைத் தானே போய்ச் சொல்லி, மெமோ வாங்கி, சம்பளத்தில் பிடித்தமும் வாங்கியிருந்தாள்.

சில மாதம் கழித்து வேறொரு வார்டில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அதே இரண்டு வயல்களுக்கு நடுவே அதே தவறைச் செய்தாள். வயலைத் திருப்பிப் பார்க்க அவள் பக்கத்தில் ஒரு அக்கா இல்லை. நோயாளிக்கு மூக்கிலும் சிறுநீரிலும் ரத்தம் வந்த பிறகுதான் தெரிந்தது. ஹெபாரினை முறிக்கும் மருந்தான புரோட்டமின் கொடுத்துக் காப்பாற்றினார்கள். விசாரணையில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "யார் போட்டது?" அவள் வேலையை விட்டுப் போனாள். வயல்கள் இரண்டும் அதே டிரேயில் இருந்தன.

அந்தப் பெண் அழுதுகொண்டே பையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அன்று இரவு நான் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த டிரே மாறியிருக்குமா? அந்த மருத்துவமனையில் மாறியிருக்காது என்றுதான் தோன்றுகிறது. மெமோதான் வந்திருக்கும். அங்கேதான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது.

எம்.எஸ்சி. நர்சிங் படித்தபோது நிர்வாகப் பாடத்துக்காக ஒரு ஆய்வைப் படிக்க நேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஏமி எட்மண்ட்சன் செய்தது. மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஒரு பெரிய குழுவில் அவரும் சேர்ந்துகொண்டார். அவருக்குக் கொடுத்த வேலை, நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு மருத்துவமனைகள், எட்டு வார்டுகள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஆறு மாதம் வார்டு வார்டாகப் போய்த் தவறுகளைக் கணக்கெடுத்தார்கள். ஒத்துழைப்பு எப்படி என்று ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து அளந்தார் எட்மண்ட்சன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தலைகீழாக வந்தது. நல்ல இன்சார்ஜ், நல்ல உறவு, நல்ல ஒத்துழைப்பு இருந்த வார்டுகளில்தான் தவறு அதிகம்!

ஒரு மாணவிக்கு அந்த நேரத்தில் வயிறு கலங்கியிருக்கும். தரவு தப்பு என்று மூட்டை கட்டியிருக்கலாம். அவர் வேறு மாதிரி யோசித்தார். நல்ல வார்டுகளில் தவறு அதிகமாக நடக்கவில்லை, அதிகமாக வெளியே வருகிறது என்றால்? கணக்கெடுக்க வந்தவர்களிடம் மனம் திறந்து பேசியது அந்த வார்டுகள்தான் என்றால்? இதைச் சோதிக்க ஓர் ஆய்வு உதவியாளரை அனுப்பினார். எந்த வார்டில் எத்தனை தவறு, கேள்வித்தாளில் என்ன வந்தது, எதைச் சோதிக்கிறோம், எதுவும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வார்டுகளில் இருந்து பார்த்து, பேசி, எங்கே ஊழியர்கள் பயமில்லாமல் தவறைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையும் தவறு எண்ணிக்கையின் வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. அதிகம் பதிவான வார்டுக்கும் குறைவாகப் பதிவான வார்டுக்கும் சுமார் பத்து மடங்கு வித்தியாசம். இது 1996இல் கட்டுரையாக வந்தது. பேசினால் அவமானமோ தண்டனையோ வராது என்ற நம்பிக்கை குழுவுக்குள் இருக்கிறதா என்பதை, ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களில் அவர் மறுபடி ஆராய்ந்தார்; அது 1999இல் வெளிவந்தது. உளவியல் பாதுகாப்பு என்று இன்று கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் அடிபடும் சொல் பரவியதில் இந்த ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹாஸ்டல் அறையில் அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது எனக்குப் பொன்னாடை நினைவுக்கு வந்தது.

இதன் இன்னொரு முகத்தை விமானத் துறை கசப்பாகக் கற்றது. 1974 டிசம்பர் 1ஆம் தேதி, வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. 514 விமானம் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கட்டுப்பாட்டு அறை கொடுத்த அனுமதியை விமானிகள் புரிந்துகொண்ட விதத்தில் கோளாறு. ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். மற்ற நிறுவனங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. 1976இல் அமெரிக்காவில் ஒரு பொதுப் பதிவு முறை வந்தது. அதை நடத்தும் பொறுப்பை, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட விமானத் துறை நிர்வாகத்திடம் விடாமல் நாசாவிடம் கொடுத்தார்கள். வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாளுக்குள் தானே தெரிவித்தால் அபராதத்திலிருந்து விலக்கு. தண்டிக்கிறவர் கையிலேயே புகார்ப் பெட்டியும் இருந்தால் அதில் யாரும் எதுவும் போடமாட்டார்கள். நம் மருத்துவமனைகளில் இன்சிடென்ட் படிவம் பெரும்பாலும் எங்கே போகிறது? நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேசைக்கு. மெமோ டைப் ஆவதும் அதே மேசையில்தான்.

பயம் ஒரு பக்கம். ஆனால் நம் ஊருக்கு அதைவிட நெருக்கமான இன்னொரு நோய் இருக்கிறது. அதற்கு நம்மிடம் அழகான பெயரும் உண்டு: சமாளிப்பது.

எட்மண்ட்சனோடு சேர்ந்து ஆய்வு செய்த மாணவி அனிதா டக்கர். ஒன்பது மருத்துவமனைகளில் 26 செவிலியர்களின் பின்னாலேயே 239 மணி நேரம் நடந்து, அவர்கள் வேலையில் என்னென்ன தடங்கல் வருகிறது, அப்போது என்ன செய்கிறார்கள் என்று குறித்தார். துணி இல்லை, மருந்து வரவில்லை, கருவி ஓடவில்லை. இப்படிச் சின்னச் சின்னத் தடங்கல்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தடவை செவிலியர் செய்தது ஒன்றுதான்: அந்த நேரத்துக்கு ஏதாவது ஏற்பாடு செய்து நோயாளியைக் கவனித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். இது ஏன் நடந்தது, நாளைக்கு நடக்காமல் இருக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று போனது மிக அபூர்வம். சோம்பேறித்தனம் காரணம் இல்லை. நேரம் இல்லை, சொன்னாலும் எதுவும் மாறாது என்ற அனுபவம், எல்லாவற்றுக்கும் மேலாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் தானே முடிப்பவள்தான் நல்ல நர்ஸ் என்ற பெயர். 2003இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

எங்கள் வார்டு சிரிஞ்ச் பம்ப் கதையைச் சொன்னால் டக்கர் சிரித்திருக்கமாட்டார். மருந்தைச் சீராக உள்ளே செலுத்தும் கருவி அது. எப்போதும் பற்றாக்குறை. ஒரு வார்டு அடுத்த வார்டிலிருந்து "அஞ்சு நிமிஷம்" என்று வாங்கிப் போகும், திரும்பி வராது. அதனால் எல்லா வார்டும் ஒரு பம்பை லினன் அலமாரியில் துணிக்கு அடியில் ஒளித்து வைத்தது. ஒளித்து வைத்ததால் பற்றாக்குறை இன்னும் கூடியது. ஒவ்வொரு இன்சார்ஜும் திறமையாகச் சமாளித்தார். நிர்வாகத்தின் கணக்கிலோ பம்ப் போதுமான அளவு இருந்தது, புகாரே இல்லை! தரப் பிரிவுக்கு வந்த பிறகு ஒருநாள் மதியம் எல்லா அலமாரியையும் திறந்து எண்ணினோம். வாங்க வேண்டியது பாதிதான். மீதிப் பாதி துணிக்கு அடியிலேயே இருந்தது. இப்போது பம்புகள் எல்லாம் ஒரே இடத்தில். ஷிப்டுக்கு ஒருவர் பொறுப்பு. எடுத்தவர் எந்த வார்டு என்று பலகையில் எழுத வேண்டும்.

இப்போது இருக்கும் இடத்தில் நாங்கள் செய்த மாற்றங்கள் பெரியவை அல்ல. மி.லி.க்கு 5,000 யூனிட் ஹெபாரினை வார்டு ஸ்டாக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். தேவைப்பட்டால் ஃபார்மசியிலிருந்து நோயாளி பெயருக்கு வரும். ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் முடிவில் இன்சார்ஜ் ஒரு கேள்வி கேட்கிறார்: "இன்னைக்கு எதுல தடுமாறினீங்க?" முதல் இரண்டு வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு ஆயா அம்மாதான் ஆரம்பித்தார்: பாத்ரூம் வாசல் கால்மிதியில் நோயாளிகள் இடறுகிறார்கள் என்று. அன்றே அதை எடுத்தோம். எடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் பேச்சு வந்தது. சொன்னதற்கு ஒரு வாரத்துக்குள் பதில் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "முடியாது, ஏனென்றால்..." என்பதும் பதில்தான். மௌனம் மட்டும் கூடாது.

எங்கள் பதிவுகளின் எண்ணிக்கை ஏறியபோது நிர்வாகத்தில் ஒருவர், "நீங்க வந்தப்புறம் தப்பு ஜாஸ்தி ஆயிடுச்சே" என்றார். நியாயமான சந்தேகம்தான். எட்டு வார்டுகளின் கதையை அவரிடம் சொன்னேன். நோயாளிக்குத் தீங்கு நடந்த சம்பவங்களையும் நடக்குமுன் பிடித்தவற்றையும் தனித்தனியாக வரைந்து காட்டினேன். ஏறியது இரண்டாவது கோடு.

எல்லாவற்றையும் மன்னித்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவரையும், போடாத மருந்தைப் போட்டதாகச் சார்ட்டில் கையெழுத்துப் போட்டவரையும் நான் காப்பாற்றமாட்டேன். ஆனால் களைத்துப்போன நல்ல நர்ஸ் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வயல்களில் ஒன்றை மாற்றி எடுப்பது அந்த வகை அல்ல. இந்த வேறுபாட்டை எழுத்தில் வைக்காத மருத்துவமனையில் படிவம் எத்தனை அச்சடித்தாலும் வீண்.

படிவத்தின் மேல் நமக்கு அவ்வளவு நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவையின்போது குழு வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டிய 19 அம்சங்கள். புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009இல் முடிவு வந்தபோது, இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகள் அதைக் கடைப்பிடித்தன. 2014இல் வந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. நான் பார்த்தவரை சொல்கிறேன்: நோயாளி தியேட்டருக்குள் வருமுன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு வைத்த தாள்களை என் கையால் ஃபைல் செய்திருக்கிறேன். அந்தப் பட்டியலின் உயிரே, கத்தி வைக்குமுன் எல்லோரும் தன் பெயரைச் சொல்லி ஒரு தடவை வாய் திறப்பதில் இருக்கிறது. ஒரு தடவை பேசிய ஜூனியர், "சார், இது இடது கால்" என்று இரண்டாம் தடவையும் பேசுவாள்.

மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தாருக்கும் ஒன்று. "இது என்ன மருந்து சிஸ்டர்?" என்று ஒவ்வொரு ஊசிக்கும் கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள். தவறு நடந்துவிட்டால் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அப்போது "அந்த நர்ஸை வேலையை விட்டுத் தூக்கு" என்பதோடு நிறுத்திவிடாமல், "அடுத்த நோயாளிக்கு இது நடக்காமல் இருக்க என்ன மாற்றினீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதுதான் ஒரு நிர்வாகத்துக்குக் கஷ்டமான வேலை.

புதிய படிவத்தை அறிமுகப்படுத்திய கூட்டத்தில் விளக்கம் எல்லாம் சொல்லி முடித்தேன். "பயப்படாம எழுதுங்க" என்றேன். தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும், நானும் ஆட்டியிருக்கிறேன். பையிலிருந்து முந்தின நாள் இரவு நிரப்பியிருந்த ஒரு படிவத்தை எடுத்து வாசித்தேன். இடம்: ஐ.சி.யூ. மருந்து: ஹெபாரின். எடுத்தது: 25,000 யூனிட். நோயாளிக்குத் தீங்கு: இல்லை. பிறகு வேறொரு நோயாளிக்கு நடந்த தீங்கு, வேலையை விட்டுப் போன பெண், எல்லாம் அதில் இருந்தது. சம்பவம் நடந்த தேதிக்கும் எழுதிய தேதிக்கும் இடையில் பதினான்கு வருடம்.

அன்று மாலை டியூட்டி முடிந்து போகும்போது மூன்று பேர் என் அறை வாசலில் நின்று படிவம் கேட்டார்கள்.