சும்மா கிடைக்குற விறகு சும்மா இல்லீங்க

இந்த மாசத்துல இப்படி மூச்சு வாங்கிகிட்டு என்கிட்ட வந்தவங்கள்ல இந்தம்மா நாலாவது ஆள். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீடு, வயசு 58, பீடி சிகரெட்ட தொட்டதே இல்ல, ஆனா நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. ஓபிக்குள்ள நுழையும்போதே சேலையில புகை வாசம். ஊதுற டெஸ்ட் எடுத்தா சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி அடைக்குற நாள்பட்ட நுரையீரல் நோய். மகன் கேக்குறாரு, "எங்கம்மாவுக்கு எந்த கெட்ட பழக்கமும் இல்லையே டாக்டர்?" 40 வருஷமா அடுப்பு முன்னாடி குத்தவச்சு ஊதாங்குழல் ஊதுனது யாரு, நானா?

கேஸ் இருக்கு. விருந்தாளி வந்தா டீ போட மட்டும். சோறு, குழம்பு, குளிக்க வெந்நி எல்லாமே விறகு. ஏன்னா "விறகு சும்மா கிடைக்குதுங்க".

இந்த 'சும்மா'வ கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு, அதனால இன்னைக்கு கணக்கே போட்டுடுறேன். சாதா மண் அடுப்புல எரியுற சூட்டுல நூத்துக்கு பத்து பதினஞ்சு பங்கு பாத்திரத்துக்கு போனா பெரிசு. 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு செய்யுற வேலைக்கு ஏறக்குறைய 200 கிலோ விறகு வேணும். ஒரு தலைச்சுமை 20, 25 கிலோன்னு வைங்க, எட்டு பத்து நடை, நடைக்கு அரை நாள், ஆக நாலஞ்சு நாள் கூலி காட்டுலயே போச்சு. காட்டு மாடும் கரடியும் நிக்குற இடத்துல குனிஞ்சு பொறுக்குறதுக்கு நான் விலையே போடல. அப்புறம் இன்ஹேலர், பஸ் காசு, கூட வர்ற மகனுக்கு ஒரு நாள் லீவு. (இன்ஹேலர் பழகிடும்னு பாதியில நிறுத்துறவங்க தனி ரகம், அவங்கள இன்னொரு நாள் திட்டுறேன்.)

வீட்டுக்குள்ள புகையால 2020ல மட்டும் உலகத்துல சுமார் 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல 2,37,000க்கு மேல அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குழந்தைங்க. பேரப்பிள்ளைய இடுப்புல வச்சுகிட்டு அடுப்பு ஊதாதீங்கம்மா, கெஞ்சி கேக்குறேன்.

அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க, "டிசம்பர் குளிருக்கு கேஸ் அடுப்ப சுத்தியா உக்கார முடியும் டாக்டரம்மா?" நியாயம்தான். உறைபனி விழுற ஊர்ல விறக மொத்தமா விடுங்கன்னு நான் சொன்னா அது வெறும் வாய்ப்பேச்சு. மூணு வேளை சமையல மட்டுமாவது கேஸுக்கு மாத்துங்க. கனெக்ஷனே இல்லாத ஏழை வீடா, ஏழை வீடுகளுக்கு கேஸ் கனெக்ஷன் குடுக்குற மத்திய அரசோட உஜ்வலா திட்டத்துல பொம்பளைங்க பேர்ல எழுதிக் குடுங்க. வெந்நி அடுப்ப வாசலுக்கு வெளிய தள்ளுங்க. ஈர மிலார், காயாத சீகை மர விறக உள்ள வச்சு எரிக்காதீங்க, புகைக்கூண்டுல கரி அடைச்சிருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே தட்டி எடுங்க. தணல் சட்டிய ரூமுக்குள்ள வச்சு ஜன்னல சாத்திட்டு படுக்கவே கூடாது, புகை இல்லையேன்னு சொல்லாதீங்க, தணல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது வாசமும் கிடையாது, தூங்குறவங்க அப்படியே போயிடுவாங்க.

அந்தம்மா அடுத்த மாசம் ரிவியூக்கு வராங்க. வாயத் திறக்க வேண்டாம், சேலை வாசமே எனக்கு சொல்லிடும்.