காய்ச்சல் லீவுக்கு எந்த டாக்டர் சீட்டு செல்லும்?

ஐந்து நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்துவிட்டு ஆறாம் நாள் வேலைக்குப் போகிறோம். கையில் தெருமுனை கிளினிக்கில் எழுதி வாங்கிய மெடிக்கல் சர்ட்டிபிகேட். சூப்பர்வைசர் அதை வாங்கி ஃபைலில் சொருகிவிடுகிறார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஐந்து நாளும் லாஸ் ஆஃப் பே. அதே சீட்டில் கொஞ்சம் கீழே இன்னொரு வரி இருக்கும்: இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம். வர வேண்டிய பணம் அந்த வரியில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். வராமல் போனதற்குக் காரணம், சீட்டு வாங்கிய இடம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் முதலாளி கட்டுவார். 15,600 ரூபாய் வாங்கும் ஒரு தையல்காரர் என்றால் அவர் பங்கு 117 ரூபாய், கம்பெனி பங்கு 507. இதைக் கட்டுவது மாத்திரை வாங்க மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம் ரொக்கமாகவும் உண்டு. இதன் பெயர் நோய்க்காலப் பணப்பயன். வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

அந்தப் பணத்துக்குச் சாவி இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழ். உங்கள் பெயர் பதிவாகியிருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு முடியாமல் போன முதல் நாளே போய்விடுங்கள். கூட்டம் இருக்கும், டோக்கன் போட்டு உட்கார வேண்டும், காய்ச்சலோடு அது கொடுமைதான். ஆனால் டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் 'ரெஸ்ட்' எழுத முடியும். ஐந்து நாளும் வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு ஆறாம் நாள் போய் 'போன திங்கட்கிழமையில் இருந்து போட்டுக் கொடுங்கள் சார்' என்றால் அவர் கையை விரிப்பார். அவரைக் கோபித்துப் பயனில்லை.

முதலில் தருவது முதல் சான்றிதழ். உடம்பு தேறவில்லை என்றால் வாரத்துக்கு ஒருமுறை போய்த் தொடர் சான்றிதழ் வாங்க வேண்டும். சரியானதும் இறுதிச் சான்றிதழ். நம் ஆட்கள் ஃபிட்னஸ் என்று சொல்வது இதைத்தான். நடுவில் ஒரு தாள் விட்டுப்போனால் அந்த இடைவெளி நாட்களுக்குப் பணம் சிக்கிக்கொள்ளும். ரெஸ்ட் எழுதிய நாட்களில் வேலை பார்க்கவும் கூடாது. ஆர்டர் அவசரம் என்று கூப்பிட்டார்கள், அரை ஷிப்ட் தைத்துவிட்டு வந்தேன் என்றால் அந்த நாள் போச்சு. நீங்கள் வரவில்லை என்பதை இ.எஸ்.ஐ. அலுவலகம் கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும். அதே நாட்களுக்குக் கம்பெனி சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டாலும் இந்தப் பணம் வராது. ஒரே நாளுக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

கம்பெனிக்கு ஒரு நகல் கொடுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பணம் தருவது இ.எஸ்.ஐ. கிளை அலுவலகம். சான்றிதழ்களும் கோரிக்கைப் படிவமும் அங்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் கைக்கு வந்த இரண்டொரு நாளிலேயே. தாமதித்தால் பணம் வரும் நாட்களில் கழித்துவிடுவார்கள். பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும்.

நம் தையல்காரருக்கு எவ்வளவு வரும்? மாதம் 26 நாள் என்று வைத்தால் தினச் சம்பளம் 600, அதில் 70 சதவீதம் 420. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது, அது காத்திருப்பு நாள். எனவே ஐந்து நாள் காய்ச்சலுக்கு மூன்று நாள் பணம், 1,260 ரூபாய். முன்பு வாங்கிய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் திரும்பப் படுத்துவிட்டால் இந்த இரண்டு நாள் கழிவு இல்லை. டெங்கு வந்து போனவர்களுக்கு இது உதவும்.

தகுதிக் கணக்கு கொஞ்சம் சுற்றும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்கு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது, ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு. அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாள் சந்தா விழுந்திருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் வைத்தியம் மட்டும்தான், பணம் இல்லை. சந்தாவை ஒழுங்காகக் கட்டாத கம்பெனியில் இருப்பவருக்கு இந்த 78 நாள்தான் தடுக்கும். அதனால் நல்லா இருக்கும்போதே உங்கள் ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) போட்டு இணையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காசநோய், புற்றுநோய், தொழுநோய் போன்ற 34 நீண்ட கால நோய்களுக்கு விதி வேறு. அங்கே 80 சதவீதம், 91 நாள் முடிந்த பிறகும் நீளும், அதிகபட்சம் இரண்டு வருடம். ஆனால் இரண்டு வருடத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் இருக்க வேண்டும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முழுச் சம்பளமே தருகிறார்கள்: ஆண்களுக்கு 7 நாள், பெண்களுக்கு 14 நாள். ஆண்களில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கியிருப்பார்கள் என்பது வேறு கதை.

ஊருக்குப் போன இடத்தில் விபத்து, பக்கத்து தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்றால்? அந்த டாக்டர் சான்றிதழையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில்களையும் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். மாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஏற்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. கிளினிக் சீட்டை நம்பி இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டிவிட்டவர்களுக்கு, நடப்பு சந்தாக் காலம் முடியும் வரை இ.எஸ்.ஐ. பிடித்தம் தொடரும், பிறகு பிடிக்க மாட்டார்கள். கடை, அலுவலகம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வருடத்துக்கு 12 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பு 12 நாள் தனி. இரண்டையும் சேர்த்து மொத்தமே 12 என்று எச்.ஆர். சொன்னால் சட்டத்தின் 25ஆவது பிரிவைக் காட்டிக் கேளுங்கள். இந்த நோய் விடுப்புக்குத் தெருமுனை கிளினிக் டாக்டர் சீட்டே போதும்.